வேதாந்தம் மாமாவின் மொழிபெயர்ப்பு

கபாலீஸ்வரர் சந்நிதியில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். நான் சொல்லும் மற்ற கதைகளைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது.

கேபிள் டி.வி. வந்த புதிது. மயிலாப்பூரில் அந்த ஃபிளாட்டுகளில் முதலில் கனெக்‌ஷன் வாங்கியது வேதாந்தம்தான். ஞாயிறு சாயங்காலம் வரும் பிரிட்டிஷ் துப்பறியும் தொடருக்கு மாடி, கீழ் எல்லாம் அவர் வீட்டு ஹாலில் கூடிவிடும். கதை முடிந்ததும் சூடாமணி மாமி காபி கொண்டுவருவாள். ஆளாளுக்கு அபிப்பிராயம் சொல்வார்கள். கடைசித் தீர்ப்பு மட்டும் எதிர் ஃபிளாட் ஜெயராமுடையது. இன்சூரன்ஸ் ஆபீஸ் அதிகாரி. தன் இங்கிலீஷைப் பற்றி அவனுக்கே நல்ல அபிப்பிராயம் உண்டு.

மாமிக்கு இங்கிலீஷ் தெரியாது. வேதாந்தம் பக்கத்தில் உட்கார்ந்து காலட்சேபம் மாதிரி தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். அவர்களுடைய ஒரே பிள்ளை கிருஷ்ணா அந்த இங்கிலாந்தில்தான் வேலையில் இருந்தான்.

"அவன் நடக்கற தெருவைப் பார்க்கத்தான் உட்காரறேன். எவன் எவனைக் கொன்னா எனக்கென்ன" என்பாள் மாமி.

ஒரு ஞாயிறு வந்த கதை இதுதான். ஒரு கிராமத்தில் வயசான தம்பதி. பிள்ளை வெளிநாட்டில் இருப்பதாகப் பேச்சு. பாழுங்கிணற்றில் ஓர் எலும்புக்கூடு கிடைக்கிறது. குடையும் கையுமாக ஒரு கிழட்டு இன்ஸ்பெக்டர் அவர்கள் வீட்டுக்கு வந்து, அது உங்கள் பிள்ளைதான் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார்.

வேதாந்தம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கிணத்துல கிடந்தது யாரோ அசலூர்க்காரனாம், சூடா. இவா பிள்ளை ஆஸ்திரேலியாவுல சௌக்கியமா இருக்கானாம். சீக்கிரமே வரப்போறானாம்."

"வந்தா சரி" என்று மாமி காபி கலக்க உள்ளே போனாள்.

கீழ் வீட்டு ஜவுளிக்கடைக்காரர் மனைவி புஷ்பம்தான் முதலில் வாயைத் திறந்தாள். "மாமா என்ன புதுக்கதை சொல்லுதாக? செத்தது அவுக மவந்தான்னு எனக்கே வெளங்கிச்சே."

"அந்த இன்ஸ்பெக்டர் மாமா காதுல மட்டும் தனியா வந்து சொல்லியிருப்பார்" என்றாள் ஜெயராமின் தங்கை வர்ஷினி.

ஹாலே சிரித்தது. வேதாந்தம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவா பேசறது அப்படிம்மா. பாதியை முழுங்கிடறா."

"சொன்னா கோச்சுக்காதேள் மாமா" என்றான் ஜெயராம். "இத்தனை நாளா மாமிக்கு இந்த லட்சணத்துலதான் கதை சொல்லிண்டிருக்கேளா?"

அதோடு விட்டிருக்கலாம். தப்பைத் திருத்தாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டு வரும்போது, கோவில் குளக்கரைப் படியில் மாமி தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான்.

"தரிசனம் ஆச்சா மாமி?"

"அது அப்பவே ஆயிடுத்து. அவருக்கு இன்னும் கொஞ்ச நேரம் வேணும்."

ஜெயராமுக்குப் புரியவில்லை. சொல்ல நினைத்திருந்ததைச் சொன்னான். "மாமி, அன்னிக்கு மாமா கதையைத் தப்பாச் சொல்லிட்டார். செத்துப்போனது அந்தப் பையன்தான்."

மாமி வறண்டு கிடந்த குளத்தையே பார்த்தாள். "அந்த அம்மா மூஞ்சியைப் பார்த்தேனே. அதுக்கு இங்கிலீஷ் வேணுமா?"

"தெரிஞ்சுமா பேசாம இருந்தேள்?"

"எங்க கிருஷ்ணா வெள்ளிக்கிழமை தவறாம போன் பண்றானாம். நான் கோவிலுக்கு வந்தப்புறம்தான் பண்ணுவான். போன மாசம் ரோட்டைத் தோண்டிப் போட்டு நம்ம தெருவுல ஒரு போனுக்கும் உயிரில்லையே, ஞாபகமிருக்கா? அன்னிக்கும் பண்ணானாம். என் முட்டிவலியை விசாரிச்சானாம்."

ஜெயராம் மெல்லப் படியில் உட்கார்ந்தான்.

"போன மார்கழியில ஒருநாள் காலம்பற போன் வந்தது. இவர் அப்பதான் குளிச்சு விபூதி இட்டுண்டு உட்கார்ந்திருந்தார். பேசிட்டு வச்சவர் நேரே போய், மறுபடி தலையோட தண்ணி விட்டுண்டார். ஏன்னா, என்ன ஆச்சுன்னேன். புழுக்கமா இருக்குன்னார். மார்கழி மாசத்துல."

எந்தச் சேதி கேட்டால் அப்படிக் குளிப்பார்கள் என்று ஜெயராமுக்குத் தெரியாதா என்ன.

"மாமாகிட்ட கேட்டுடலாமே மாமி."

"எனக்குத் தெரியாதுங்கறதைப் பிடிச்சுண்டுதான் அவர் நடமாடிண்டிருக்கார். அதையும் பிடுங்கிட்டா விழுந்துடுவார். நான் ஆத்துல இருந்தா அவரால அழ முடியறதில்லை. அழறதுக்கு ஒரு நேரம் வேண்டாமா? அதுக்குத்தான் வெள்ளிக்கிழமை." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இது அவர் காதுக்குப் போகப்படாது ஜெயராம்."

அடுத்த ஞாயிறு காபி குடித்து முடித்ததும் புஷ்பம் மறுபடி ஆரம்பித்தாள். "இன்னிக்கு யாரை உசுரோட எழுப்பினீக மாமா?"

"போன வாரம் மாமா சொன்னதுதான் சரி" என்றான் ஜெயராம். "எனக்குத்தான் இங்கிலீஷ் பத்தலை. அந்தப் பையன் உயிரோடதான் இருக்கான்."

ஹாலின் சிரிப்பு அவன் பக்கம் திரும்பியது. சமையலறையில் டம்ளர் கழுவும் சத்தம் சற்று நின்று, மறுபடி தொடர்ந்தது.

எல்லோரும் போனபின் ஜெயராம் மட்டும் வாசலில் தயங்கி நின்றான். அவன் மனசில் ரகசியம் தங்காது. வேதாந்தத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, குளப்படியில் கேட்டதையெல்லாம் கொட்டிவிட்டுப் போனான்.

நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். ஆமாம், அந்த வேதாந்தம் நான்தான்.

"யாரு வாசல்ல?" என்றாள் உள்ளேயிருந்து.

"எதிராத்துப் பையன். கண்ணாடியை மறந்து வச்சுட்டானாம்" என்றேன்.

சொன்னது நான் என்று யாரிடமும் மூச்சு விடாதீர்கள். முக்கியமாக, சூடாவிடம் வேண்டாம். வெள்ளிக்கிழமை அந்தக் குளப்படியில், அவளுக்கும் அழறதுக்கு ஒரு நேரம் வேண்டாமா?