மேஸ்திரியின் ஆட்சேபணை

"இந்த ஒத்தக் கைக்காரன் ஆடக் கூடாது வாத்தியாரே."

ஐம்பத்தொன்றாம் வருஷத்து ஆடித்தபசுத் திருவிழா. ஊர் அணிக்கும் மில் அணிக்கும் நடந்த சடுகுடு இறுதி ஆட்டத்தின் இடைவேளையில் மைதானத்துக்குள் வந்து மல்லுக்கு நின்றார் பருத்தி மில் மேஸ்திரி சண்முகையா.

ஊர் அணியின் கேப்டன் வேல்சாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் அணியின் துரைப்பாண்டிக்கு இடது முன்கை போனது இந்த மில் எந்திரத்தில்தான். கை போன கையோடு வேலையும் போயிற்று. மிச்சம் இருந்தது சடுகுடு ஒன்றுதான். இப்போது அதிலும் மண்ணைப் போட வந்துவிட்டார் மனுஷன்.

நடுவர், டிரில் வாத்தியார் காசிராஜன். "என்ன காரணம் அண்ணாச்சி?"

"எங்க மில் பயலுவ எதைப் பிடிப்பானுவ? நாலு பேரு அமுக்குனாலும் நழுவிப் போயிருதான்."

"ஆட்சேபணைன்னா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும்."

மேஸ்திரி தயங்கினார். அத்தோடு விட்டிருப்பார். துரைப்பாண்டிதான் விடவில்லை.

"எழுதுங்க அண்ணாச்சி. மனசுல இருக்கத எழுத என்ன பயம்?"

"ஏலே, சும்மா கெடக்க மாட்டியா?" வேல்சாமி அவனைப் பிடித்து இழுத்தான். "நீயே எடுத்துக் கொடுக்கியே."

"எழுதட்டும்ல."

மேஸ்திரிக்கு ரோஷம் வந்துவிட்டது. பேனாவை வாங்கி எழுதினார்: 'துரைப்பாண்டி ஒற்றைக் கையோடு மூன்று ஆள் பலம் காட்டுகிறான். இரண்டு கை உள்ளவர்கள் அவனுக்கு ஈடில்லை. ஆகவே அவனை நீக்க வேண்டும்.'

"உத்தியோகத்தையும் போட்டிருங்க" என்றான் துரைப்பாண்டி.

'மில் மேஸ்திரி' என்று அதையும் போட்டார்.

வாத்தியார் படித்துப் பார்த்தார். "ஒத்தக் கையோட ஆடக் கூடாதுன்னு சட்டம் இல்ல. ஆட்டம் நடக்கட்டும்."

நடந்தது. துரைப்பாண்டி பாடிப் போன ஒவ்வொரு தடவையும் மில் பக்கம் ஆள் குறைந்தது. கடைசியில் மூன்று பேரை இழுத்துக்கொண்டே வந்து நடுக்கோட்டைத் தொட்டான். கோப்பை ஊர் அணிக்கு.

தூக்க வந்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே வாத்தியாரிடம் போனான். அவர் ஆட்சேபணையைக் கிழிக்கப் போனார்.

"கிழிச்சிராதீங்க சார். எனக்கு வேணும்."

"கோப்பையை விட்டுட்டு இந்தக் காயிதம் எதுக்குலே?" என்றான் வேல்சாமி.

"'ஒத்தக் கைக்காரன் அரை ஆள் வேலைக்கும் ஆக மாட்டான்'னு எழுதிக் கொடுத்து என்னை மில்லை விட்டு நிறுத்துனதும் இவருதான். அந்தக் காயிதமும் என்கிட்ட இருக்கு. நாளைக்கு ரெண்டையும் முதலாளி முன்னால வைக்கப் போறேன். எந்தக் கையெழுத்து பொய்யின்னு அண்ணாச்சியே சொல்லட்டும்."