கொல்லிமலையில் முதல் ஆள்

ஐம்பதாவது வளைவில் யாரும் இல்லை.

அவன் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றினான். பலகையில் 50/70 என்று எழுதியிருந்தது. தடுப்புச் சுவரின் மேல் ஒரு குரங்கு மட்டும் உட்கார்ந்து அவனை மேலும் கீழும் பார்த்தது.

பத்து வளைவுக்கு ஒருமுறை, முன்னால் போகிறவர்கள் நின்று பின்னால் வருகிறவனுக்காகக் காத்திருக்க வேண்டும். மூவரும் சேர்ந்து மலை ஏறத் தொடங்கிய ஒன்பது வருடங்களாக இதுதான் ஏற்பாடு. முன்னால் போவது மதியழகனும் பிரிட்டோவும். பின்னால் வருவது எப்போதும் அவன்தான்.

பத்தில் நின்றார்கள். இருபதில் நின்றார்கள். முப்பதில் கடலை மிட்டாய் கொடுத்தார்கள்.

நாற்பதைப் பார்த்த நினைவே அவனுக்கு இல்லை. ஏற்றத்தில் அவன் முன் சக்கரத்தை மட்டும்தான் பார்ப்பான். நிமிர்ந்து சாலையைப் பார்த்தால் கால்கள் சொன்ன பேச்சைக் கேட்காது.

அவர்களுக்குச் சலித்துவிட்டது போல, என்று நினைத்தான்.

சலிக்காதா பின்னே. முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவன் ஏறும் வேகத்துக்கு ஆள் நடந்தே போய்விடலாம். இரண்டு மணி நேரத்தில் அவர்கள் முடிக்கும் மலையை இவனுக்காக நான்கு மணி நேரம் இழுக்கிறார்கள். நேற்று ஈரோட்டில் கிளம்பி நாமக்கல் வந்து சேர்வதற்குள் அவன் முடிவு செய்துவிட்டான். மேலே போனதும் சொல்லிவிட வேண்டும். இனிமேல் நீங்கள் இரண்டு பேரும் போய் வாருங்கள், எனக்காகக் காத்திருக்காதீர்கள். சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும் என்பது வரை யோசித்து வைத்திருந்தான்.

சொல்லும் வேலையை அவர்களே மிச்சப்படுத்திவிட்டார்கள்.

நாமே விலகிக்கொள்வது வேறு, விட்டுவிட்டுப் போவது வேறு. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மிதித்தான்.

அறுபதிலும் யாரும் இல்லை.

கோபத்தில் ஏறினான். அறுபத்தொன்று. அறுபத்திரண்டு. கோபத்துக்கு இவ்வளவு மைலேஜ் உண்டு என்று அவனுக்கு இதுவரை தெரியாது. எந்த வளைவில் அது தீர்ந்துபோனது என்றும் தெரியவில்லை. காற்று குளிர்ந்திருந்தது. மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருந்தது. முழங்கால் வலிக்கவில்லை என்பதை அறுபத்தெட்டில் கவனித்தான். கவனித்ததைக் காட்டிக்கொள்ளாமல் மிதித்தான். முழங்காலுக்குத் தெரிந்துவிடப் போகிறது.

எழுபது.

வளைவை ஒட்டி ஒரு டீக்கடை. வாசலில் சைக்கிள் எதுவும் இல்லை. இரண்டு பேர் சைக்கிளில் இந்தப் பக்கம் போனார்களா என்று கடைக்காரம்மாவிடம் கேட்டான்.

"காலையில இருந்து ஒரு சைக்கிளும் வரலீங்க. நீங்கதான் மொத ஆளு."

புரிய ஒரு நிமிடம் ஆனது.

நாற்பதாவது வளைவில் எங்கேயோ நிழலில் காலை நீட்டிக் கிடந்திருக்கிறார்கள். அவன் குனிந்த தலை நிமிராமல் அவர்களைத் தாண்டி வந்துவிட்டான். இன்னும் அங்கேதான் காத்திருக்கிறார்கள்.

போன் செய்தான். சிக்னல் இல்லை. கீழே இறங்கத் தயாராக நின்ற பஸ்ஸின் டிரைவரிடம் அடையாளம் சொல்லி, வழியில் பார்த்தால் மேலே வரச்சொல்லும்படி கேட்டுக்கொண்டான்.

டீ போடட்டுமா என்றார் கடைக்காரம்மா. ஆட்கள் வந்துவிடட்டும் என்றான். அப்படிச் சொல்வதே சுகமாக இருந்தது.

சுவரில் உட்கார்ந்தான். கீழே சாலை மடிந்து மடிந்து மரங்களுக்குள் போனது. வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தான். லாரி. ஒரு பைக். அன்னாசிப்பழம் ஏற்றிய வேன். முதலில் தெரியப்போவது பிரிட்டோவா, மதியழகனா என்று தனக்குள் பந்தயம் கட்டினான். முதுகில் வெயில் இதமாக இருந்தது. இப்படி உட்கார்ந்து ஒருவரை எதிர்பார்த்து எவ்வளவு காலமாயிற்று. சந்தோஷமாக இருந்தது. ஒன்றேகால் மணி நேரம் போனதே தெரியவில்லை.

பிரிட்டோ முதலில் தெரிந்தான். பின்னாலேயே மதியழகன்.

இவனைக் காணோம் என்று முப்பத்து மூன்றாவது வளைவு வரைக்கும் இறங்கித் தேடியிருக்கிறார்கள். ஒவ்வொரு வளைவிலும் நின்று பள்ளத்தை எட்டிப் பார்த்திருக்கிறார்கள். பஸ் டிரைவர் சொன்ன பிறகு மறுபடியும் முழுதாக ஏறியிருக்கிறார்கள். பிரிட்டோ வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினான். மதியழகன் குனிந்து இவனுடைய முழங்காலைத் தொட்டுப் பார்த்தான்.

பிறகு இருவரும் சைக்கிள்களைப் போட்டுவிட்டுத் தரையிலேயே சரிந்தார்கள். கடைக்காரம்மா மூன்று டீ ஆற்றத் தொடங்கினார்.

"வந்து ரொம்ப நேரமாச்சாடா?" என்றான் மதியழகன்.

"இல்லடா. இப்பதான் வந்தேன்."

கடைக்காரம்மா ஆற்றுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்.

சொன்ன பிறகுதான், இதே வார்த்தையை இந்த இருவர் வாயிலிருந்து எத்தனை மலைகளில், எத்தனை வளைவுகளில் கேட்டிருக்கிறோம் என்று அவன் எண்ணத் தொடங்கினான்.