காற்று ஏறாத பம்பு

கிறிஸ்துமஸுக்குப் போட்ட திராட்சை ஒயினை வேறு பாட்டிலுக்கு மாற்றி, புளித்ததில் அதில் சேர்ந்திருந்த கேஸை சைக்கிள் பம்பால் இழுத்துக்கொண்டிருந்தார் சவரிமுத்து. உள்ளே வாஷரைத் திருப்பிப் போட்டுவிட்டால் பம்பு காற்றை அடிக்காது, உறிஞ்சும்.

வாசலில் எதிர்வீட்டு ஏட்டு. "டயர்ல காத்து இல்லீங்க. பம்பு குடுங்க."

அரியலூரே மதுவிலக்கில் காய்ந்து கிடந்த காலம். 'ரிப்பேர்' என்று சவரிமுத்து வாய் திறப்பதற்குள், மனைவி லூர்துமேரி பம்பை நீட்டிவிட்டாள்.

ஏட்டு முக்கி முக்கி அடித்தார். டயர் தொய்ந்தே கிடந்தது. பம்பின் வாயை முகர்ந்து பார்த்தார்.

"வாஷரத் திருப்பிப் போட்டிருக்கீங்களா?"

"ஏட்டய்யா... புள்ளகுட்டிக்காரன்ங்க..."

ஏட்டு குரலைத் தாழ்த்தினார். "அட, நீங்க வேற! எங்க வூட்டுப் பம்பும் இப்படித்தாங்க கெடக்கு. இல்லாட்டி உங்ககிட்ட எதுக்கு வரேன்?"