வெறும் பலகை

டக்... டக்டக்... டக்.

வறண்ட சத்தம். கறி கொத்தும் பலகைக்கு ஒரு குழைந்த குரல் உண்டு. இதில் அந்த ஈரமே இல்லை. எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இன்னும் என் காதில் இருக்கிறது.

"கேக்குதா? வெறும் பலகையைக் கொத்துறா," என்றாள் அம்மா.

பக்கத்து வீட்டுக் கோவ் அத்தையைத்தான் சொன்னாள். பிள்ளை குட்டி இல்லாத விதவை. அவளுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு மண் சுவர்தான்.

பழைய வருஷத்தின் கடைசி சாயங்காலம் அது. முற்றத்தைச் சுற்றியிருந்த வீடுகளில் எல்லாம் புத்தாண்டுக் கொழுக்கட்டைக்குள் வைக்கக் கறி கொத்திக்கொண்டிருந்தார்கள். விடிந்தால் அந்த நாள். அன்று கத்தியைத் தொடக் கூடாது. எங்கள் பலகை மட்டும் மூலையில் சாய்ந்து கிடந்தது. கொத்துவதற்கு வீட்டில் எதுவும் இல்லை.

அப்பா வடகிழக்குக் காட்டுக்கு மரம் வெட்டப் போனவர். போனதோடு சரி, ஒரு தகவலும் இல்லை. அம்மா முற்றத்தில் சொல்லி வைத்திருந்ததோ வேறு.

அன்று காலை கிணற்றடியில் எதிர்வீட்டு லுவான் அத்தை எல்லோர் முன்னாலும் கேட்டாள். அவள் மகனுக்குத்தான் என் அக்கா யூஜென்னைப் பேசியிருந்தார்கள்.

"என்ன யூஜென் அம்மா, வீட்டுக்காரரு வந்தாச்சா?"

"வந்துடுவார்க்கா. வராட்டியும் பணம் வந்துடும்."

"வரட்டும், வரட்டும். சாயங்காலம் உங்க வீட்டுப் பலகை பேசுதான்னு பாக்கறேன். பேசலேன்னா தப்பா நெனைக்காதீங்க. அப்பன் கைவிட்ட வீட்டுல பொண்ணு எடுத்தேன்னு நாளைக்கு நாலு பேரு என்னைத்தானே சிரிப்பாங்க?"

கோவ் அத்தையும் அங்கேதான் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு பேசாமல் போய்விட்டாள்.

"எனக்காக ஒரு வார்த்தை பேசினாளா?" சாயங்காலம் அம்மா சுவரைப் பார்த்துப் பொருமினாள். "இப்ப மட்டும் டக்கு டக்குன்னு வேஷம். இல்லாதவ இருக்கற மாதிரி காட்டிக்கறா."

"நாமளும் அப்படிக் கொத்தலாமேம்மா," என்றேன். "வெளியில யாருக்குத் தெரியும்?"

"வெறும் பலகையைக் கொத்தி ஊரை ஏமாத்துற அளவுக்கு நான் இறங்கலடி."

"அப்பா வர்றாருன்னு சொன்னது மட்டும் என்னவாம்?" என்றாள் அக்கா, மெதுவாக.

அம்மா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் ஓயவில்லை. கை வலித்து நிற்பதும், மறுபடி தொடங்குவதும் தெரிந்தது.

"தனிக்கட்டைக்கு இத்தனை கொத்து எதுக்கு? பத்துப் பேருக்கு விருந்து வைக்கிறாளாம்!" போர்வைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "நம்ம வீட்டுல சத்தம் இல்லேன்னு தெரிஞ்சுதான் குத்திக் காட்டுறா. நாளைக்கு அவ மூஞ்சில முழிக்க மாட்டேன்."

மற்ற வீடுகளில் எல்லாம் கொத்தி முடித்துவிட்டார்கள். கொழுக்கட்டை வேகும் வாசனை வந்தது. கடைசியாகத்தான் பக்கத்து வீட்டுப் பலகை ஓய்ந்தது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு தினைக் கஞ்சி காய்ச்சினாள். கதவைச் சாத்திக்கொண்டு குடித்தோம்.

விடிந்ததும் வெடிச் சத்தம் நடுவே யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் லுவான் அத்தை. கையில் ஒரு தட்டு வறுத்த கடலை. அக்கா உள்ளே போய் ஒளிந்துகொண்டாள். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"புது வருஷம் நல்லா இருக்கணும், சம்பந்தி!"

அம்மா தட்டையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன முழிக்கிறீங்க? நேத்து நீங்க கொத்துன கொத்துல எங்க வீட்டு ஜன்னல்ல ஒட்டுன காகிதமே அதிர்ந்துபோச்சு. அவரு வரலேன்னா என்ன, பனியில ரயில் நின்னுருக்கும். கை நெறைய அனுப்பிட்டாருல்ல? அது போதும்."

"அக்கா, அது வந்து... எங்க வீட்டுல..."

"இருங்க, நான் சொல்லிடறேன். எனக்கும் ஒரு சந்தேகம்தான். ரெண்டு வீடும் ஒரே கூரை. முற்றத்துல நின்னா சத்தம் எந்த வீட்டுலேர்ந்து வருதுன்னு தெரிய மாட்டேங்குது. இப்பத்தான் கோவ் கிட்டயே போய்க் கேட்டுட்டு வர்றேன்."

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"'தனிக்கட்டைக்கு எதுக்குக் கொழுக்கட்டை? நான் கத்தியையே தொடல. பொழுதோட படுத்துட்டேன், இந்தப் பக்கத்து வீட்டுக்காரி போட்ட சத்தத்துல கண்ணை மூட முடியல'ன்னு உங்க மேல ஒரே புகார், சம்பந்தி! நல்ல நாளும் அதுவுமா நாலு கொழுக்கட்டை பிடிக்க மனசு வரல பாருங்க. கஞ்சப் பிசினாறி!"

லுவான் அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாக்கா," என்றாள் கடைசியில். "உள்ள வாங்க."

பனி உருகியதும் அக்கா எதிர்வீட்டு மருமகளாகப் போனாள். கோவ் அத்தை அதற்குப் பிறகும் நெடுநாள் இருந்தாள். புத்தாண்டுக்குக்கூடக் கொழுக்கட்டை பிடிக்காத கஞ்சக்காரி என்றே முற்றம் அவளைச் சொல்லியது. அவளும் அதை மறுக்காமலே செத்துப்போனாள்.