குழந்தை தூங்குகிறது

டிசம்பரில் ஜோஹன்னஸ்பர்க் பாதி காலியாகிவிடும். வசதியுள்ளவர்கள் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். அவர்களுடைய நீச்சல் குளங்கள் போகாது. லுங்கிலேவின் பிழைப்பு அதை நம்பித்தான் நடந்தது.

நீல அங்கி, கையில் கருவிப் பை. குளம் பராமரிக்கிறவன் என்று யாரும் நம்பிவிடுவார்கள். பம்ப் மோட்டாரைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு வந்தாலும் காவல் வண்டிக்காரன் கையசைப்பான்.

அன்று ஒரு மோட்டார் கட்டாயம் வேண்டும். பழைய சாமான் கடை மொலேஃபி காலையிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். சாயங்காலத்துக்குள் ஓடுகிற மோட்டார் வராவிட்டால், இனிக் கடைப் பக்கமே வர வேண்டாம்.

ஆளில்லை என்று அவன் நினைத்த ஒரு வீட்டின் பக்கவாட்டுக் கதவு, தள்ளியதும் திறந்தது. அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டான்.

குளத்துத் தண்ணீர் கீரை மசியல் மாதிரி இருந்தது. மோட்டார் பக்கத்தில் ஒரு பெண் நின்றாள். இடுப்பில் ஏப்ரன், தோளில் குழந்தையை முதுகோடு கட்டும் போர்வை. வீட்டைப் பார்த்துக்கொள்ள வேலைக்காரியை விட்டுப் போயிருக்கிறார்கள்.

ஓடிவிடலாமா என்று அவன் யோசிப்பதற்குள் அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா. குழந்தை தூங்குது. இப்பத்தான் வர்றியா? மோட்டார் ஓட மாட்டேங்குது, பாரு."

அவனுக்கு வழி பிறந்தது. "பட்டறைக்கு எடுத்துட்டுப் போய்த்தான் பாக்கணும் அக்கா."

"போன தடவை வந்தவனும் இதையேதான் சொன்னான். மோட்டாரும் வரல, அவனும் வரல. இங்கயே பாரு தம்பி. நான் எங்கயும் போகல."

தெருவில் காவல் வண்டி ஊர்ந்து போனது. அவள் ஒரு குரல் கொடுத்தால் போதும். லுங்கிலே மோட்டார் முன்னால் உட்கார்ந்தான்.

சுவிட்சைப் போட்டான். முனகல்கூட இல்லை. அப்படியானால் மின்சாரமே வந்து சேரவில்லை. மெயினை அணைத்துவிட்டு டைமர் பெட்டியைத் திறந்தான். உள்ளே எறும்புகள் குடும்பத்தோடு குடியிருந்தன. பிரஷ்ஷால் காலி செய்தான்.

மறுபடி போட்டபோது மோட்டார் முனகியது, ஆனால் சுழலவில்லை. சும்மா கிடந்து கிடந்து தண்டு இறுகியிருந்தது. அணைத்தான். பின்பக்கம் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து, மூச்சைப் பிடித்துத் திருகினான்.

"இந்தப் பக்கம் திருட்டு ஜாஸ்தியாயிடுச்சு," என்றாள் அவள்.

"ஆமாக்கா," என்றான் லுங்கிலே. "யாரையும் நம்ப முடியல."

தண்டு இளகியது. மோட்டார் ஓடியது. அவள் முகம் மலர்ந்துவிட்டது. ஏப்ரன் பையிலிருந்து பொரித்த பன் ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்து, கதவு வரை வந்து வழியனுப்பினாள்.

மொலேஃபியின் கடையில் லுங்கிலே வெறுங்கையோடு நின்றான். திருடப்போன இடத்தில் ரிப்பேர் செய்துவிட்டு வந்த கதையைக் கேட்டு மொலேஃபி முதலில் சிரித்தான், பிறகு திட்ட ஆரம்பித்தான். பாதியில் நிறுத்தி வாசலைப் பார்த்தான்.

அதே பெண். முதுகில், போர்வைக்குள் குழந்தை.

லுங்கிலே அலமாரிக்குப் பின்னால் பதுங்கினான். விஷயம் தெரிந்து தேடி வந்துவிட்டாள். போலீசும் பின்னாலேயே வரும்.

அவள் நேராக மேசையிடம் வந்தாள். முன்பக்கம் குனிந்து போர்வை முடிச்சை அவிழ்த்தாள். குழந்தை 'டங்' என்று மேசைமேல் இறங்கியது.

"ஓடுமா?" என்றான் மொலேஃபி.

அவள் கடையைச் சுற்றிப் பார்த்தாள். அலமாரி ஓரத்தில் நீல அங்கி தெரிந்தது.

"சந்தேகமா இருந்தா அந்தத் தம்பியைக் கேளு. அவன்தான் ரிப்பேர் பண்ணினான்."