திசையன்விளை தியானம்

“அப்பா…” என்று தொம்மையின் படத்துக்கு முன்னால் விழுந்து அழுதாள் அந்தப் பெண். தொம்மைக்குப் பிள்ளைகள் இரண்டு. இரண்டும் ஆண்.

தொம்மை இறந்த முப்பதாம் நாள் பூசை முடிந்து, பாளையங்கோட்டை வீட்டில் பந்திக்குக் காத்திருந்த கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அதுவரை தொம்மையின் பெருமைகளை உபதேசியார் வில்சன் பேசிக்கொண்டிருந்ததில் பாதிப் பேர் தூங்கிப்போயிருந்தார்கள்.

வில்சன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தொம்மை காலைப் பூசையைத் தவறவிட்டதே இல்லை. ஞாயிறு மாலை டி.வி.யில் படம் போடும் நேரம் பார்த்துத்தான் ஜெபமாலையைத் தொடங்குவார். குடும்பமே முழங்காலில் நின்று ஆண்டவரோடு சேர்ந்து பாடுபடும். பாட்டுக் குழுவில் அவர் சேர்ந்த பிறகு ஆர்மோனியக்காரர் வேறு பங்குக் கோயிலுக்குப் போய்விட்டார்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை தியானத்துக்கென்று திசையன்விளைக்குப் பஸ் ஏறுவார். திரும்பும்போது ஒரு சிப்பம் கருப்பட்டி கொண்டுவருவார்.

“நீ எந்த ஊரும்மா?” என்று கேட்டாள் தொம்மையின் தங்கை ஃபிளோரா.

“திசையன்விளை.”

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. இத்தனை வருடத் தியானத்துக்கும் எல்லோருக்கும் ஒரே நொடியில் பொருள் விளங்கிவிட்டது.

“பேரு யூனிஸ். அங்கன ஹாஸ்டல்லதான் வளந்தேன். அப்பா மாசாமாசம் வந்து பாத்துட்டுப் போவாவ. படிக்க வச்சது, கட்டிக் குடுத்தது எல்லாம் அவியதான். அம்மாவப் பத்திக் கேட்டா மட்டும் வாயத் தொறக்க மாட்டாவ. அவிய தவறுனதே போன வாரந்தான் எனக்குத் தெரிஞ்சிது.”

“எப்படித் தொறப்பாவ!” என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

அடுப்படியிலிருந்து தொம்மையின் மனைவி லூசி வந்தாள். யார், என்ன என்று அவள் கேட்கவில்லை. “எந்திச்சு மொகத்தக் கழுவு. சாப்பிட்டியா?” என்றாள்.

“பாத்தியளா உபதேசியாரே, எங்க மைனி மனச!” ஃபிளோரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கண்ணாலேயே யூனிஸை மேலும் கீழும் அளந்தாள். “மூக்கு அப்படியே எங்க அண்ணன் மூக்கு.”

சற்றுமுன்தான், தொம்மையைப் புனிதராக்கச் சொல்லி ரோமுக்கே எழுதலாம் என்று பேசியிருந்தார் வில்சன். “நான் அப்பமே நெனச்சேன்,” என்றார் இப்போது. “பாளையங்கோட்டைல இல்லாத ஆண்டவரா திசையன்விளைல இருக்காரு?”

கறிச்சோறு ஆறிக்கொண்டிருந்தது. யாரும் கேட்கவில்லை. இதுவே ருசியாக இருந்தது.

“வயசு என்னம்மா ஒனக்கு?”

“இருபத்தெட்டு.”

“இவியளுக்குக் கல்யாணம் ஆயி இருபத்தஞ்சு வருசம்லா ஆவுது!” ஃபிளோரா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். “அப்போ கெட்டுததுக்கு முந்தியேவா? மைனி, ஒங்கள ஏமாத்திட்டானே பாவி!” காலையில் ‘தெய்வமா வாழ்ந்தாவ’ என்று அழுத அதே வாய்தான்.

மூத்த மகன் முகம் கறுத்துப்போய், நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறினான். அப்பா படத்தின் மாலையைக் கழற்றிக் கீழே போட்டான். படத்தையும் ஆணியிலிருந்து எடுக்கப் போனான்.

“என்னலே செய்யுத? தொடாத அத!”

லூசி சத்தம் போட்டு அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அவள் யூனிஸின் தோளைப் பற்றியிருந்தாள். ஒருமுறை தன் மகன்களைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்தாள்.

“அவிய யாரையும் ஏமாத்தல. எல்லாந் தெரிஞ்சுதான் என்னக் கெட்டுனாவ. கடைசி வரைக்கும் ஒரு வார்த்த வெளிய விடல.”

“என்ன மைனி சொல்லுதிய?”

“இவ அவிய பிள்ள இல்ல, ஃபிளோரா. எம் பிள்ள.”