மதிலுக்கு வெளியே கிடந்த பொம்மை

ஒரு காலத்தில் ரோம ராஜாக்கள் ஆண்ட தூரத்து ஊர் ஒன்றில், ஆராய்ச்சியாளர்கள் இடிந்த கோயிலையும் அதன் மதிலைச் சுற்றியும் தோண்டினார்கள். பூசாரியின் வெண்கலக் கிரீடமும், மண்ணில் செய்த குழந்தைப் பொம்மையும் மற்றப் பழம்பொருட்களோடு ஒரே கூடைக்கு வந்தன.

"தள்ளிப் படு," என்றது கிரீடம். "எங்க பூசையாலதான் உன்னைச் செஞ்சு வச்சவளோட வேண்டுதல் பலிச்சுதுன்னு சொல்லு. பக்கத்துல இருக்க விடறேன்."

"சொல்ல மாட்டேன். காய்ச்சல் பிள்ளையோட வந்தவளை, பலி கொடுக்க ஆடு எங்கேன்னு கேட்டு விரட்டினாரே உன் பூசாரி. அவ வீட்டுத் தொட்டில்கிட்டயே வேண்டிக்கிட்டா."

"பிள்ளை செத்திருக்கும்."

"பிள்ளை பிழைச்சாத்தான் எங்க ஊர்ல பொம்மை செஞ்சு கொடுப்பாங்க. அப்பவும் நீங்க அவளை உள்ளே விடலை. மதிலுக்கு வெளியே என்னைப் புதைச்சா. பிள்ளையும் கூட நின்னு மண் அள்ளிப் போட்டுச்சு."

கிரீடம் குரலைத் தாழ்த்தியது. "கோயிலுக்குள்ளே கிடந்தேன்னாவது சொல்லேன்."

"வெளியேதான் கிடந்தேன்," என்று பொம்மை கூடையில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னது.